பாய் தைத்தவனின் நியமனப் பத்திரம்

அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரத்தில் உள்ள கிட்டரி ஊரில் எல்வின் டார்பாக்ஸின் வீட்டுக்கு வழி சொல்பவர்கள் கதவு எண்ணைச் சொல்வதில்லை. "திரை போட்ட வீடு" என்பார்கள். அதுவே போதும். ஜூலை மாத நண்பகலிலும் அந்த வீட்டுச் சன்னல்களில் கனத்த பச்சைத் திரைகள் தொங்கும். யாரோ இறந்துபோன வீடு போலிருக்கிறது என்று ஊருக்குப் புதியவர்கள் நினைப்பார்கள். யாரும் இறக்காத காலத்திலும் அந்த வீடு அப்படித்தான் இருந்தது. பிறகு ஒருவன் இறந்தான். அப்போதும் திரைகள் அப்படியேதான் தொங்கின.

எல்வின் முப்பத்தொரு வருடம் கடற்படைத் தளத்தின் பண்டகசாலையில் வேலை பார்த்தவர். ஆணியோ கயிறோ வேண்டுமென்று யாராவது சீட்டு நீட்டினால், சீட்டில் உள்ள கையெழுத்து சரிதானா என்று பார்த்துவிட்டுப் பொருளை எடுத்துக் கொடுப்பார். அவ்வளவுதான் வேலை. கப்பலில் ஒருநாள்கூடப் போனதில்லை. படகில் ஏறினாலே குமட்டும்.

ஒரு வருடம் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில், ஆட்டு மந்தை வரைந்த ஒரு படத்தை அதன் சட்டத்துக்காக வாங்கிவந்தார். பின்பலகையைக் கழற்றியபோது ஆட்டு மந்தைக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. கன்றுத்தோலில் செய்த தாள். மேலே கழுகு, கீழே பீரங்கியும் நங்கூரமும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு இளைஞனைக் கடற்படையில் அதிகாரியாக நியமித்து ஒரு ஜனாதிபதி தன் கையாலேயே கையெழுத்திட்ட பத்திரம். தன் பண்டகசாலையில் ஒரு பெட்டி ஆணிக்கு நீட்டுகிற சீட்டைப் போலவே நாட்டின் தலைவர் ஒரு மனிதனுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று எல்வினுக்குத் தோன்றியது. அன்று பிடித்தது, இப்படிப்பட்ட பத்திரங்களைச் சேர்க்கும் பைத்தியம்.

அதன்பின் வீட்டுக்குள் வெயில் வரவில்லை. பழைய மைக்கு வெளிச்சம்தான் எமன். நூறு வருடம் இருட்டில் கிடந்தால் நேற்று எழுதியது போலிருக்கும் மை, சன்னலோரம் மாட்டினால் சில வருடங்களில் தேநீர்க் கறைபோல் வெளிறிவிடும். மனைவி வெர்னாவிடம் அவர் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

"என் ஜெரேனியத்தை எங்க வைக்கிறது? உன் தலைமேலயா?" என்று கேட்பாள் வெர்னா.

"வாசப்படியில வையேன்."

"மார்ச் மாசத்துலயா? செடி செத்துரும், எல்வின்."

"செடி மறுபடியும் வாங்கலாம். செத்த ஜனாதிபதி மறுபடியும் வந்து கையெழுத்துப் போடுவாரா?"

இந்த வீட்டில்தான் அவர்களுடைய ஒரே மகன் கோல்பி வளர்ந்தான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட அட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருந்த வயதில், அவன் சமையலறை மேசையில் அப்பாவுக்கு எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்து பத்திரங்களின் பின்பக்கத்தைப் படித்தான். சேகரிப்பவர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. ஜனாதிபதியைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் குமாஸ்தாக்கள் எழுதிய பதிவுக் குறிப்பு, மடிப்பு, முத்திரையின் தடம் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே முன்பக்கம் வர வேண்டும். கையெழுத்தை முதலில் பார்த்தவன் மயங்கிவிடுவான். மயங்கியவன் ஏமாந்துவிடுவான்.

பிள்ளை அதிலேயே ஊறிப்போனான். கடற்படையில் சேர்ந்தான். அதிகாரியானான். அவனுடைய நியமனப் பத்திரம் வந்த அன்று வெர்னா அழுதாள். எல்வின் வழக்கம்போல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"ஏமாந்தியாப்பா?" என்று கோல்பி சிரித்தான். "எல்லாம் அச்சு. எந்த ஜனாதிபதி கையும் இதுல படலை. பழைய பத்திரம் சேர்க்கிற உன் கிளப்புல காட்டினா துரத்தி விட்டுருவாங்க."

"பேர் உன்னோடதுதானே? அது போதும்" என்றார் எல்வின். மற்ற பத்திரங்களோடு அதையும் இருட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்.

பெயர் தெரியாதவர்களின் பத்திரங்கள்தான் எல்வினுக்குப் பிடிக்கும். பெரிய தளபதிகளுடையது கிடைத்தாலும் வேண்டாம் என்பார். தச்சன், பீரங்கிக்காரன், காற்றுப் பிடிக்கும் கப்பல் பாயைத் தைப்பவன் என்று கப்பலில் கையால் உழைத்தவர்களுக்கும் அந்தக் காலத்தில் ஜனாதிபதியே கையெழுத்திட்டு நியமனம் கொடுத்திருக்கிறார். அப்படிப் பாய் தைப்பவன் ஒருவனுடைய பத்திரத்தைத்தான் அப்பாவும் பிள்ளையும் பதினோரு வருடம் தேடினார்கள். கடைசியில் ஒரு பிப்ரவரி மாதம் அது கிடைத்தது. ஜோதம் லீச் என்பவனுடையது. பள்ளிப் பிள்ளைகள் வரிசை ஒப்பிக்கும்போது மறந்து தாண்டிவிடுகிற ஒரு ஜனாதிபதியின் கையெழுத்து, கறுப்பாக, கொஞ்சம் அவசரமாக.

அப்போது கோல்பி தெற்கே நியூபோர்ட்டில் பயிற்சியில் இருந்தான். எல்வின் உடனே அவனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கிடைச்சிருச்சுடா! பாய் தைக்கிறவன் வீட்டுக்கு வந்துட்டான்!"

"நிஜமாவா? பின்பக்கம் பார்த்தியா?"

"நீ வந்து பாரு. நீ பார்க்காம நான் திருப்ப மாட்டேன். இந்தச் சனிக்கிழமை வாயேன்."

"சனிக்கிழமை பனி கொட்டும்னு சொல்றாங்கப்பா."

"பனிக்கு எப்படா பயந்த நீ? அம்மாவை பீன்ஸ் வைக்கச் சொல்றேன். வா."

அவன் வந்தான். அதாவது, கிளம்பினான். மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டுவதற்குள் நெடுஞ்சாலையில் உறைபனி. அவன் வண்டி மட்டுமல்ல, ஒன்பது வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. மற்ற எட்டு வண்டிக்காரர்களும் நடந்து வெளியே வந்தார்கள்.

பீன்ஸ் கருகிக்கொண்டிருந்த அடுப்பை அன்று யாரும் அணைக்கவில்லை. புகை வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்து அணைத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் எல்வின் அந்தப் பத்திரத்தைச் சட்டத்துக்குள் வைத்தார். வெளிச்சத்தைத் தடுக்கும் தனிக்கண்ணாடி வர இரண்டு வாரமாகும் என்றார்கள். அவர் காத்திருக்கவில்லை. சாதாரணக் கண்ணாடியையே போட்டு, மாடியில் கோல்பியின் அறையில், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். அவன் பார்க்க வந்தது அது. அவன் அறையிலேயே இருக்கட்டும். திரையை இழுத்து மூடினார். கதவைச் சாத்தினார். அதன்பின் ஆறு வருடம் அவர் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

அந்த ஆறு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்வின் அழவில்லை. எழுந்தார், முகம் மழித்தார், காலை ஏழு மணிக்குப் பாலத்தருகே உள்ள காபிக் கடைக்குப் போய் முட்டை சாப்பிட்டார், திரும்பி வந்தார். முட்டையில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓய்வுபெற்றார். கிளப்பை விட்டு நின்றார். புதிதாக ஒரு தாளும் வாங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆற்றை நோக்கிச் சரியும் புல்வெளிக்கு அவர் போவதே இல்லை. குளிர்காலத்தில் முன்வாசல் பனியை மட்டும் தள்ளுவார். வெர்னாவும் அவரும் பேசினார்கள், பால் தீர்ந்துவிட்டதா, மருந்து வாங்கியாயிற்றா என்று. ஒரே கட்டிலில் இரண்டு பயணிகளைப் போலத் தூங்கி எழுந்தார்கள்.

குளியலறைக்குப் போகும் வழியில் கோல்பியின் அறையைத் தாண்ட வேண்டும். சாத்திய கதவின் அடியில் சில காலை நேரங்களில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். எல்வின் அதைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார். அது ஏன் அங்கே தெரிகிறது என்று அவர் மனம் ஒருநாளும் கேட்கவில்லை. மனம் என்று ஒன்று அங்கே வேலை செய்துகொண்டிருந்தால் அல்லவா கேட்கும்?

ஏழாவது வருட வசந்தத்தில், கிளப்பின் பழைய நண்பர் ஹோலிஸ் பிக்ஃபோர்டு காபிக் கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார். எலும்பும் தோலுமான மனிதர். வாய் மட்டும் ஓயாது.

"டேய் டார்பாக்ஸ், உயிரோடதான் இருக்கியா? தபால்காரன் சொன்னான், நான் நம்பலை."

"இருக்கேன்."

"துறைமுகத்து அருங்காட்சியகத்துல புதுசா ஒரு கூடம் திறக்கிறாங்க. கப்பல் தொழிலாளிங்களைப் பத்தி. தச்சன் கருவி இருக்கு, கொல்லன் கருவி இருக்கு. ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட ஒரு நியமனப் பத்திரம்தான் இல்லையாம். நான்தான் சொன்னேன், எங்க கிளப்புல ஒரு முசுடு வச்சிருக்கான்னு."

"அது கோல்பியோடது."

ஹோலிஸ் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "அதனாலதான்டா சொல்றேன். தானமாக் கொடுக்கிறவங்க பேரைப் பித்தளைத் தகட்டுல போடுவாங்க. யார் நினைவாவோ கொடுத்தா அந்தப் பேரை. லெஃப்டினன்ட் கோல்பி டார்பாக்ஸ் நினைவாக. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வருஷா வருஷம் வந்து படிக்கும். நீயும் நானும் போன பின்னாடியும் அந்தப் பேர் இருக்கும்."

எல்வின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். ஆறு வருடமாக அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது ஒன்று வேண்டியிருந்தது. அந்தத் தகடு. மரத்துப்போன காலில் இரத்தம் திரும்பும்போது முதலில் வலிக்குமே, அப்படி நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வெர்னாவிடம் சொன்னார். வெர்னா வெகுநேரம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தத் தாள்தான் வேணுமா? வேற எதுவும் குடுக்கக் கூடாதா?"

"அதுதான் வேணும்."

"எப்ப வர்றாங்க?"

"வியாழக்கிழமை."

"சரி" என்றாள்.

வியாழக்கிழமை வந்தவள் அருங்காட்சியகத்தின் காப்பாளர், ஜொஸ்லின் டெரியோ. முப்பது வயதிருக்கும். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, கையை இரண்டு தடவை கழுவி, துண்டில் ஈரம் போகத் துடைத்தாள். வேலை தெரிந்த பெண் என்று எல்வினுக்குப் பிடித்துப்போனது. மூவரும் மாடி ஏறினார்கள். கதவின் முன்னால் எல்வினின் கை பிடியில் அப்படியே நின்றது.

"மிஸ்டர் டார்பாக்ஸ், வேணும்னா நானே திறக்கட்டுமா?" என்றாள் ஜொஸ்லின் மெதுவாக.

"இல்ல. நானே திறக்கிறேன்."

திறந்தார். அந்த வீட்டில் முப்பது வருடமாக இல்லாத வெளிச்சம் முகத்தில் அடித்தது. திரை இரண்டு பக்கமும் ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. சன்னல் படியில் வரிசையாக ஏழெட்டு ஜெரேனியத் தொட்டிகள். எல்லாம் பூத்திருந்தன, சிவப்பாக, கொத்துக் கொத்தாக. சன்னலுக்குக் கீழே ஆறு பளபளத்தது. கட்டில் விரிப்பு வெயிலில் நீலம் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது.

எல்வின் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வெர்னா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜொஸ்லின் சட்டத்தை இறக்கினாள். கட்டிலில் சுத்தமான துணி விரித்து, அதன்மேல் முகம் குப்புற வைத்துப் பின்பலகையைக் கழற்றினாள். பழக்கம் தெரிந்தவள். ஜனாதிபதியைக் கடைசிக்கு வைத்தாள்.

"பதிவுக் குறிப்பு அருமையா இருக்கு" என்றாள். குரலில் உற்சாகம். "நேத்து எழுதின மாதிரி. மடிப்பெல்லாம் அந்தக் காலத்ததுதான். முத்திரை அழுத்தின தடமும் தெளிவா இருக்கு. ஒரு குறையும் இல்ல, மிஸ்டர் டார்பாக்ஸ்."

எல்வின் மூச்சு விட்டார். பின்பக்கத்தை அவரும் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். கோல்பி பார்க்காமல் திருப்பமாட்டேன் என்று சொன்னவர், சட்டத்தில் போடும்போதுகூடக் கண்ணை வேறுபக்கம் வைத்துக்கொண்டே போட்டவர்.

ஜொஸ்லின் இரண்டு கையாலும் தாளைத் திருப்பினாள். இன்னும் அருகே குனிந்தாள்.

அச்சிட்ட கழுகு கறுப்பாகவே இருந்தது. நங்கூரமும் பீரங்கியும் இருந்தன. நடுவில் குமாஸ்தா நல்ல மையில் அழுத்தி எழுதிய 'ஜோதம் லீச், பாய் தைப்பவர்' என்ற வரி, பழுப்பேறியிருந்தாலும், படிக்கும்படியே இருந்தது. அதன் கீழே ஜனாதிபதி கையெழுத்திட்ட இடத்தில் வெறும் தோல். சாய்த்துப் பிடித்தால் பேனா கீறிய பள்ளம் மட்டும் தெரிந்தது. ஜனாதிபதி அவசரத்தில் கறுப்பாகத் தெரிந்தாலும் வெயில் தாங்காத ஏதோ மையில் போட்டிருக்க வேண்டும். ஆறு வருட வெயில் அதைச் சுத்தமாகக் குடித்துவிட்டது.

"இந்த அறையில... வெளிச்சம் எவ்வளவு நாளா..." என்று தொடங்கிய ஜொஸ்லின், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"நான்தான் மாட்டினேன்" என்றார் எல்வின். "சாதாரணக் கண்ணாடி. என் தப்பு."

"ஜனாதிபதி கையெழுத்துன்னு சொல்லி இதை எங்களால கூடத்துல மாட்ட முடியாது. மன்னிச்சிருங்க. உள்ளே ஆராய்ச்சிப் பெட்டியில வேணா வைக்கலாம். ஆனா தகடு..."

"புரியுது, மிஸ். ரொம்ப நன்றி. வழியில பாலத்துகிட்ட சாலை வேலை நடக்குது, பார்த்து ஓட்டுங்க."

அவள் போன பிறகு சமையலறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெர்னா மீன் சூப்பை ஊற்றி வைத்தாள். யாரும் தொடவில்லை. சூப்பின் மேல் ஆடை கட்டியது.

"கேள்" என்றாள் வெர்னா.

"என்ன கேக்க?"

"ஏன் திறந்தேன்னு கேள். முப்பது வருஷமா வெளிச்சம் மையைத் தின்னும், வெளிச்சம் மையைத் தின்னும்னு பாடம் நடத்தினியே. மறந்துட்டேன்னு நினைச்சியா?"

எல்வின் அவளைப் பார்த்தார்.

"முதல்ல மை போகணும்னு திறக்கலை. நீ முட்டை தின்னப் போனதும் மேல போவேன். பிள்ளை அறை இருட்டாக் கிடக்குதேன்னு திறந்தேன். செடியை வச்சேன். மூணாவது வருஷமோ என்னவோ, அந்தக் கையெழுத்து வெளிற ஆரம்பிச்சதைப் பார்த்தேன். மூடியிருக்கலாம். மூடலை. மறுநாளும் திறந்தேன். தெரிஞ்சேதான் திறந்தேன், எல்வின்."

அவள் குரல் உயரவே இல்லை. மளிகைச் சாமான் சொல்கிற குரல்.

"தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. தினமும் பார்த்தேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு முன்னாடி வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லலை. அவன் பார்க்கக் கிளம்பின அந்தத் தாளுக்குக் கீழ என் பிள்ளை பேரைப் போடுறது எனக்குப் பிடிக்கலை."

கோபம் வர வேண்டிய இடத்தில் எல்வினுக்கு எதுவும் வரவில்லை. உள்ளே கைவிட்டுத் தேடியது போல் தேடினார். காலியாக இருந்தது. அந்தக் காலியிலிருந்துதான், ஆறு வருடமாக அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று தானாக வெளியே வந்தது.

"நான்தான் வரச் சொன்னேன், வெர்னா. அந்தச் சனிக்கிழமை. அவன் பனி கொட்டும்னு சொன்னான். பனிக்கு எப்படா பயந்தன்னு கேட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"இந்த அடுப்புகிட்டதான் நின்னுட்டு இருந்தேன். அம்மா பீன்ஸ் வைப்பான்னு நீ சொன்னே. நானும் பேசாம பீன்ஸை ஊறப் போட்டேன்." வெர்னா தன் கைகளைப் பார்த்தாள். "வேண்டாம்டா, பனியில வராதேன்னு ஒரு வார்த்தை, போனைப் பிடுங்கி நானும் சொல்லியிருக்கலாம். எனக்கும் அவன் வரணும்னுதான் இருந்துச்சு."

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. மறுபடி கிளம்பியது. எல்வின் கரண்டியை எடுத்து ஆறிப்போன சூப்பை ஒரு வாய் குடித்தார்.

"உப்பு கூடிருச்சு" என்றார்.

"ஆறு வருஷமா கூடித்தான் இருக்கு" என்றாள் வெர்னா.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்வின் காபிக் கடைக்குப் போகவில்லை. வெர்னா தண்ணீர்க் குவளையோடு மாடி ஏறிய சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து அவரும் ஏறினார். கதவு திறந்திருந்தது. திரை மூடியிருந்தது. முதல்நாள் ஜொஸ்லின் மூடிவிட்டுப் போயிருந்தாள். வெர்னா திரையின் நுனியைப் பிடித்தபடி இழுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

எல்வினின் கையில் இருட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு தாள் இருந்தது. பின்பக்கம் எதுவும் எழுதாத தாள். எந்த ஜனாதிபதியின் கையும் படாதது. நடுவில் கோல்பி எல்வின் டார்பாக்ஸ் என்ற பெயர் மட்டும். ஜோதம் லீச்சின் தாளை ஒதுக்கிவைத்துவிட்டு, அது இருந்த சட்டத்துக்குள் அவர் இதை வைத்தார். மூலைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வெர்னா உதவிக்கு வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஆணியில் மாட்டினார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினார்.

"அதுவும் வெளிறிப் போகும்" என்றாள் வெர்னா.

"தெரியும்" என்றார் எல்வின். "இழு."

வெர்னா திரையை இழுத்துத் திறந்தாள்.